அன்ரி டெய்சி வீட்டுக் குசினிச் சத்தம்

கிரான்பர்ன்,
மெல்பேர்ண்.
வியாழக்கிழமை, பிள்ளை நித்திரையான பிறகு.

பேரன்புக்கும் பெருமதிப்புக்கும் உரிய மூத்த சகோதரர், பிரித்தானிய நகைச்சுவை நடிகர், திருவாளர் நொயல் குரூஸ் அவர்களுக்கு,

மருதமடு மாதாவின் இரக்கத்தால் நானும் என் கணவர் கிறிஸ்ரியனும் மாமியார் பேர்ள் அவர்களும் மகன் ரவீனும் இங்கு சுகமாக இருக்கிறோம். தங்கள் சுகத்தை விசாரிக்க வேண்டிய தேவை இல்லை. அது வாராவாரம் தொலைக்காட்சியில் தெரிகிறது. சேலை கட்டிய நிலையில் தெரிகிறது.

கடிதமாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. தொலைபேசியில் சொன்னால் "பொறு பொறு, அதைத் திருப்பிச் சொல்லு" என்பீர்கள். முந்தி அதைப் பாசம் என்று நினைத்திருந்தேன். குரற்பதிவாக அனுப்பினால் உங்களோடு இருந்து கதை எழுதுகிறவர்களுக்குப் போட்டுக் காட்டுவீர்கள். ஆகவே இனி என் குரல் உங்களுக்குக் கிடையாது. பேனையால் எழுதினால் எங்கட பேச்சு வராது, எழுத்துத் தமிழ் மட்டும்தான் வரும் என்று நம்பித் தொடங்கினேன். ரெண்டு பந்திக்குள்ளேயே வந்திட்டுது பாருங்கோ.

முதலில விசயத்தைச் சொல்லிப்போடுறன். வாற ஞாயிற்றுக்கிழமை பத்து மணிப் பூசைக்குப் பிறகு ரவீனுக்கு ஞானஸ்நானம். ஞானத்தகப்பன் நீங்கள் இல்லை. இந்தக் கடிதம் உங்கட கதவடிக்கு வாற நேரம் பிள்ளையின்ர தலை காய்ஞ்சிருக்கும்.

நான் உங்கட தொழிலுக்கு எதிரி இல்லை, அதை நீங்களே அறிவீங்கள். கணக்கியல் படிக்க லண்டனுக்குப் போன நீங்கள் படிப்பை விட்டுட்டு மேடையில ஏறினதாகத் தகவல் வந்த நேரம் அப்பா மன்னாரில சாப்பிடாமல் கிடக்க, அம்மா மடுவுக்கு நேர்த்தி வைக்க, அந்த வீட்டில உங்களுக்காகக் கதைச்ச ஒரே ஆள் நான், குரூஸ் எண்ட பேரைப் பார்த்து ஸ்பெயின்காரன் எண்டு கூப்பிட்டு ஆளைக் கண்டதும் ரக்ஸி ஓட்டுறவன் வேசம் தந்தவங்கள் எண்டு நீங்கள் சொல்லேக்க ஆறுதல் சொன்னவளும் நான், இருமல் மருந்து விளம்பரத்தில நீங்கள் இருமினதைப் பார்த்து "பிள்ளைக்கு நெஞ்சில சளி கட்டியிருக்கு" எண்டு அம்மா அழ, அது நடிப்பு எண்டு விளங்கப்படுத்தினவளும் நான். பொலிஸ் நாடகத்தில பிணமாக் கிடந்தீங்களே, அதில நீங்கள் மூச்சு விட்டது தெரியுது எண்டு சொன்ன சித்தப்பாவோட நான் அதுக்குப் பிறகு வடிவாக் கதைக்கிறதே இல்லை. பிறகு அந்தப் பகிடித் தொடரில பெற்றோல் செட்டில காசு வாங்குறவனா வந்து, "பம்ப் நம்பர் என்ன?" எண்ட ஒரே வசனத்தால இங்கிலாந்தைச் சிரிக்க வைச்ச காலத்தில, இஞ்ச எங்கட பெற்றோல் செட்டில நிக்கிற பெடியனிட்ட நான் பெருமையா "என்ர அண்ணாவும் லண்டனில இந்த வேலைதான் செய்யிறார், ரீவியில" எண்டு சொல்ல, அவன் பாவம், "இரவு ஷிஃப்டோ?" எண்டு கேட்டவன். அப்பிடி உங்களைத் தூக்கித் திரிஞ்சவள் நான்.

எங்கட பக்கத்தில மூத்த பிள்ளைக்குத் தாய்மாமன்தான் ஞானத்தகப்பன். அதை மாத்தக் கூடாது எண்டு அம்மா சொன்னவா. ஞானத்தகப்பன் நேரில வந்து நிண்டு, மெழுகுதிரி பிடிச்சு, புனிதரின்ர பேரைத் தன்ர வாயால சொல்லவேணும் எண்டு மாமி சொன்னவா. என்ர கலியாணத்துக்குப் பிறகு அவை ரெண்டு பேரும் ஒத்துக்கொண்ட ஒரே விசயம் நீங்கள்தான். பிள்ளை கைக்குழந்தையா இருக்கேக்கையே நாள் வைச்சம். ஹோல் எடுத்து, பற்றீஸ் சொல்லி, வெள்ளைச் சட்டை தைச்சு, நீங்களும் ரிக்கற் போட்ட பிறகு, "நிஷா, ஒரு படம் வந்திருக்கு, பெரிய படம், பாதிரியார் வேசம்" எண்டு போன் எடுத்தனீங்கள். எங்கட நாளிலதான் உங்கட முக்கியமான காட்சியாம். என்ன காட்சி எண்டு நான் கேட்கேல்ல. கலை எண்டா அப்பிடித்தான் எண்டு கிறிஸ்ரியனுக்கு நானே விளங்கப்படுத்தினன். அடுத்த வருசம் படம் வந்த பிறகுதான் கண்டனான், இங்கிலாந்துக் கிராமத்துக் கோயில் ஒண்டில வெள்ளை அங்கியோட நிண்டு நீங்கள் ஒரு வெள்ளைக்காரக் குழந்தைக்கு ஞானஸ்நானம் குடுக்கிறீங்கள், அது உங்கட கண்ணாடியைப் பிடுங்கித் தண்ணிக்குள்ள போடுது, தியேட்டர் சிரிக்குது. என்ர பிள்ளைக்குப் பக்கத்தில நிக்கவேண்டிய அதே நாளில நீங்கள் ஆரோ ஒருத்தியின்ர பிள்ளைக்குத் தண்ணி ஊத்திக்கொண்டு நிண்டிருக்கிறீங்கள் அண்ணா. கேட்டதுக்கு, "அது பாதி நேரம் பொம்மை" எண்டனீங்கள்.

அதோட முடிஞ்சதோ எண்டா, மாமியும் அந்தப் படத்தைப் பார்த்தவா. படத்தில பாதிரியாருக்கு மனிசியும் ரெண்டு பிள்ளையளும். மாமி ரிமோட்டை மெதுவாக் கீழ வைச்சிட்டுக் கிறிஸ்ரியனைக் கூப்பிட்டவா.

"தம்பி, இவளின்ர தமையன் வேதம் மாறிப்போட்டான்."

"எந்த வேதம் அம்மா?"

"அங்கிலிக்கன். கலியாணமும் முடிச்சிட்டான். வெள்ளைக்காரி. எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்ல."

"அம்மா, அது நடிப்பு."

"மனிசி நடிப்பாயிருக்கலாம். அந்தச் சிலுவை போட்டது நடிப்பில்லை. அது பழகின கை."

வேதம் மாறினவன் ஞானத்தகப்பனா நிக்கலாமோ எண்டு பங்குச் சுவாமியிட்டப் போய்க் கேட்டவா. சுவாமி கேரளாக்காரர், அந்தப் படத்தை ரெண்டுதரம் பார்த்தவராம், கேள்வி முடியமுதலே சிரிச்சிட்டாராம். அந்தக் கோவத்தில மாமி அவற்ற பூசைக்குப் போகமாட்டன் எண்டு தூரத்துப் பங்குக்குப் போகத் தொடங்கினவா. அப்ப எனக்குப் புதுசா லைசன்ஸ் வந்திருந்தது. கார் வெளிக்கிடமுதல் நாலு ரயருக்கும் தீர்த்தம் தெளிச்சு, முன்சீற்றில இருந்து செபமாலை சொல்லிக்கொண்டு, "அருள் நிறைந்த மரியே, பிறேக்கைப் பிடி, வாழ்க" எண்டு போன அந்தப் பயணங்களை நான் உங்களுக்குத்தான் சொன்னனான். வேற ஆருக்குச் சொல்லுவன்.

ரெண்டாம்தரம் நாள் வைக்க, உங்கட சொந்தத் தொடர் தொடங்கிட்டுது, அன்ரி டெய்சி எண்ட பொம்பிளை வேசத்துக்குப் புருவத்தை வழிச்சிட்டாங்கள், இந்தக் கோலத்தோட கோயிலில நிக்கேலாது எண்டனீங்கள். புருவம் முளைக்கட்டும் எண்டு நாங்கள் காத்திருந்தம். ஒரு பிள்ளையின்ர ஞானஸ்நானம் தாய்மாமனின்ர புருவத்துக்காகப் பிந்தினது மன்னாரிலயும் நடந்திராது, மெல்பேர்ணிலயும் நடந்திராது. மூண்டாம்தரம் நீங்கள் அவுஸ்திரேலியாவுக்கே வந்தனீங்கள், தொடரை விளம்பரப்படுத்த. சிட்னியில நீங்கள் டெய்சிக் கோலத்தில நிண்டு, கங்காருவுக்கும் சேலை போர்த்திப் படம் எடுத்ததை நானும் ரீவியிலதான் பார்த்தனான். சிட்னியில இருந்து இஞ்ச ஒரு பிளேனில ஏறி ஒரு பிளேன்ரீ குடிச்சு முடியிற நேரம். "நிஷா, டைற் ஷெடியூல்" எண்டு குறுஞ்செய்தி வந்தது. பின்னேரம் பிள்ளை அந்தப் படத்தைப் பார்த்திட்டு, "அம்மா, இஸ் அங்கிள் நொயல் எ லேடி?" எண்டு கேட்டவன். "வேலை நேரத்தில மட்டும்" எண்டு சொன்னனான்.

இப்ப அன்ரி டெய்சிக்கு வாறன். முதலாவது நிகழ்ச்சியை வீட்டில எல்லாரும் இருந்துதான் பார்த்தம். நீங்கள் கொண்டை போட்டு, கழுத்தை வெட்டித் திருப்பி, கதிரையில இருந்து செபமாலை சொல்லிக்கொண்டே ரீவியில சமைக்கிறவளுக்கு "உப்புக் காணாது" எண்டு சொல்லேக்க நான் மெதுவா மாமியைத் திரும்பிப் பார்த்தன். பிறகு வீடு பூட்டுற திறப்பு துலையுது. டெய்சி எழும்பிப் போய், துலைஞ்சதைத் தேடித் தரேல்ல எண்டு அந்தோனியார் சுரூபத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைச்சு, "திறப்பு வாறவரைக்கும் உமக்கு உலகம் இல்லை" எண்டுறா. அண்ணா, மாமியின்ர அந்த வசனத்தில நீங்கள் ஒரு எழுத்துக்கூட மாத்தேல்ல. எங்கட அந்தோனியார் அந்த நேரம் ரீவிக்குப் பக்கத்தில சுவரைப் பார்த்துக்கொண்டுதான் நிண்டவர், மாமியின்ர மூக்குக்கண்ணாடி துலைஞ்சு ரெண்டு நாள்.

பிள்ளை எழும்பி ரீவியில டெய்சியைத் தொட்டு, "லுக், அப்பம்மா" எண்டவன்.

"என்னவாம்?" எண்டு கேட்டவா மாமி.

நான் படிச்சவள் அண்ணா. பேராதனையில புள்ளிவிபரவியலில சிறப்புப் பட்டம் எடுத்தனான். அந்த ஒரு செக்கனில என்ர படிப்பெல்லாம் சேர்ந்து எடுத்துத் தந்தது ஒரு பொய்தான். "செல்வராணி அன்ரி மாதிரி இருக்காம் மாமி" எண்டிட்டன்.

செல்வராணி அன்ரி எங்கட பங்கில பாடகர் குழுவை நடத்துறவா, மலேசியாக்காரி, மாமிக்கு இஞ்ச இருக்கிற ஒரே கூட்டாளி. மாமி திரும்பி ரீவியைப் பார்த்தவா, தலையைச் சரிச்சுப் பார்த்தவா, பிறகு உடம்பு குலுங்கச் சிரிக்கத் தொடங்கிட்டா. "ஓமடி, அதே கொண்டை, அதே கழுத்து வெட்டு. உன்ர அண்ணன் கெட்டிக்காரன், வேதம் மாறினாலும். பாவம், அவவுக்குத் தெரியுமோ?"

"தெரியாது மாமி."

"சொல்லிப்போடாத, நொந்துபோவா." பிறகு என்ர பக்கம் சரிஞ்சவா. "அடுத்த கிழமை வரச்சொல்லு. இருத்திப் போட்டுக் காட்டுவம், முகத்தைப் பார்ப்பம்."

செல்வராணி அன்ரியும் வந்தவா, மாமியை விடக் கூடச் சிரிச்சவா. தேத்தண்ணிக் கோப்பையை வைக்கிற சாட்டில குசினிக்குள்ள வந்து என்ர காதுக்குள்ள, "நிஷானி, உங்க அண்ணன் அப்படியே புடிச்சிட்டாரு லா. உங்க மாமிக்குத் தெரிஞ்சா என்னா ஆகும்? நான் வாயே தொறக்க மாட்டேன்" எண்டவா. அண்டையில இருந்து ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் ரெண்டு பேரும் ஒரே சோபாவில, ஒருத்தி மற்றவவைப் பார்த்துப் பாவப்பட்டுச் சிரிச்சுக்கொண்டு, ஒருத்திக்கொருத்தி முறுக்கு நீட்டிக்கொண்டு இருக்கினம். மாமி இவ்வளவு சந்தோசமா இருந்து நான் கண்டதில்லை. நான் செவ்வாய்க்கிழமையளில சாப்பிடுறதில்லை, பயத்தில இறங்காது. கிறிஸ்ரியனிட்டச் சொல்ல, "நல்லாத்தானே செய்யிறார்" எண்டிட்டார். தொடரில மகனா வாறவன் ஆறடி, வண்டி வயிறு இல்லை, அதால அவருக்கு முறைப்பாடு ஒண்டும் இல்லை.

இதெல்லாத்தையும் நான் பொறுத்துக்கொண்டனான். எனக்குப் பொறுக்க முடியாமல்போனது வேற.

அந்த வீட்டில டெய்சி இருக்கிறா, மகன் இருக்கிறான், பேரன் இருக்கிறான், பக்கத்து வீட்டு நாய்கூட இருக்குது, அதுக்குப் பேரும் இருக்கு. மருமகள் எங்க? முதல் நிகழ்ச்சியில வரேல்ல, பிறகு வருவாளாக்கும் எண்டு பார்த்தன். டெய்சி மருமகளைப் பற்றி ஏதும் சொன்னால் உடன குசினிக்குள்ள இருந்து ஒரு பானை மூடி விழுகிற சத்தம். சனம் சிரிக்குது. அவ்வளவுதான். முதலாம் பருவம் முழுக்க மூடி. ரெண்டாம் பருவத்திலயும் மூடி.

போன செவ்வாய் நான் குசினிக்குள்ள நிண்டு சோறு வடிச்சுக்கொண்டிருந்தனான். ரீவியில டெய்சி, "என்ர மருமகள் படிச்சவள், அதாலதான் ரசம் வராது" எண்டு சொல்லுறது கேட்டது. என்ர கை நழுவி, உண்மையான மூடி உண்மையான தரையில விழுந்துபோச்சுது. ஹோலுக்குள்ள ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிச்சினம், அது தொடரில வந்த சத்தம் எண்டு நினைச்சு. நான், "மாமி, கை சுட்டுப்போட்டுது" எண்டு கத்தினன். மாமி, "சரியான சத்தமா வைச்சிருக்கிறான்" எண்டு சொல்லிக்கொண்டு ரிமோட்டை எடுத்து ரீவியைக் குறைச்சவா.

என்னை ரிமோட்டால குறைச்சவா அண்ணா. நான் தண்ணிக்குக் கீழ கையைப் பிடிச்சுக்கொண்டு நிண்டன். சிரிப்பு வந்தது, பிறகு வரேல்ல.

பிறகுதான் யோசிச்சன். நான் உங்களுக்கு மாமியின்ர கதை மட்டுமோ சொன்னனான்? வேலைக்கு நேர்முகத்துக்குப் போய், உள்ளூர் அனுபவம் இல்லை எண்டு திருப்பி அனுப்பிவிட்ட அண்டைக்கு, பேர்விக் ஸ்ரேசன் கார்ப்பார்க்கில காருக்குள்ள இருந்து உங்களுக்குப் போன் எடுத்து அழுதனான். பிள்ளை பிறந்த புதுசில, எனக்குள்ள ஏதோ அணைஞ்சுபோன மாதிரிக் கிடக்கு எண்டு வேற ஒருத்தருக்கும் சொல்லாததை உங்களுக்குச் சொன்னனான். நீங்கள் "ம்ம், ம்ம்" எண்டு கேட்டிட்டு, "அப்ப மாமி என்ன சொன்னா?" எண்டு கேட்டனீங்கள். நானும் மாமி சொன்னதைச் சொன்னன். நீங்கள் சிரிச்சீங்கள். நீங்கள் சிரிக்க எனக்கும் பாரம் குறைஞ்ச மாதிரி இருந்தது. உங்கட பேட்டி ஒண்டில கேட்டாங்கள், இந்தக் கதையெல்லாம் எங்க எடுக்கிறீங்கள் எண்டு. "மெல்பேர்ணில எனக்கு ஒரு ஆள் இருக்கு" எண்டனீங்கள். ஆள். தங்கச்சி எண்டு சொல்ல எவ்வளவு நேரம் எடுக்கும்? உங்கட ஷெடியூலுக்குள்ள அதுவும் கொள்ளேல்லையோ?

அதால முடிவெடுத்திட்டன். வாற வருசம் பிள்ளை பிரெப் வகுப்புக்குப் போகவேணும், கத்தோலிக்கப் பள்ளிக்கூடத்தில ஞானஸ்நானச் சான்றிதழ் கேட்கினம், இந்த மாசத்தோட விண்ணப்பம் முடியுது. இனி ஆற்ற புருவத்துக்கும் காத்திருக்கேலாது. செல்வராணி அன்ரியின்ர மனிசன் ஆரோக்கியசாமி அங்கிளிட்டக் கேட்டன். பஸ் ஓட்டி ஓய்வுபெற்ற மனிசன், ஞாயிறுகளில கோயில் வாசலில நிண்டு எல்லாருக்கும் கதவு பிடிக்கிறவர். "நிக்கிறேன்மா, அதுக்கென்னா" எண்டவர். பிறகு வெக்கப்பட்டு, "ஆனா உங்க அண்ணன் மாதிரி காமெடி எல்லாம் எனக்கு வராது லா" எண்டவர். அங்கிள், நீங்கள் வந்து நிண்டாலே காணும் எண்டு சொன்னன். பிள்ளையும் அவரைப் பார்த்து, "ஆர் யூ ஆன் ரீவி?" எண்டு கேட்டவன். இல்லை எண்டவுடன கையைப் பிடிச்சிட்டான்.

ஆகவே, நீங்கள் வரத் தேவையில்லை. பரிசு அனுப்பத் தேவையில்லை. இனி உங்களுக்கு இந்த வீட்டில இருந்து கதையும் வராது. மூண்டாம் பருவத்துக்கு வேற ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கோ.

தங்கள் புகழ் மேலும் ஓங்கவும், தாங்கள் கட்டும் சேலைகள் கால் தடக்காதிருக்கவும், புருவங்கள் இரண்டும் குறைவின்றி முளைக்கவும் மடு மாதாவை மன்றாடி, தாங்கள் மன்னாருக்குப் போன் எடுப்பதில்லை என்று அப்பாவும் அம்மாவும் சொன்னதையும் தெரிவித்து, மாமியின் விசாரிப்பையும் (அவர் தங்களுக்காக இன்னும் மனந்திரும்புதல் செபம் சொல்லுகிறார்) சேர்த்து அனுப்பி விடைபெறும்,

தங்கள் அன்புத் தங்கை,
நிஷானி கிறிஸ்ரியன்.

பி.கு: தபால் போக ரெண்டு கிழமை எடுக்குமாம், அதால இதைப் படம் எடுத்து வட்ஸ்அப்பிலயும் போடுறன். ஆரோக்கியசாமி அங்கிள் நிக்கிறது உங்களுக்குப் பதிலாகத்தான். வர முடியாத ஞானத்தகப்பனுக்கு இன்னொருத்தர் பதிலாளா நிக்கலாம் எண்டு சுவாமி சொன்னவர், பதிவில உங்கட பேரைத்தான் குடுத்தனான். நீங்கள் பூசைக்குப் போறனீங்கள் எண்டு உங்கட பங்கில ஒரு கடிதம் மட்டும் கேட்டவர், சனிக்கிழமைக்குள்ள எப்பிடியாவது வாங்கி அனுப்புங்கோ. பிள்ளைக்கு அந்தோனி எண்டு பேர் எழுதக் குடுத்தனான், வேற விருப்பமெண்டா அதையும் சொல்லுங்கோ. மற்றது, உங்கட தொடரில விழுகிற மூடி சில்வர் மூடி. அது பொய்ச் சத்தம். எங்கட மூடி கனமான அலுமினியம், விழுந்த பிறகு ஒருக்காச் சுத்திப்போட்டுத்தான் அடங்கும். இப்ப ரெண்டு மூண்டு தரம் போட்டுப் பார்த்து, நல்லதை ஒலிப்பதிவு செய்து கடிதத்துக்குக் கீழ அனுப்பியிருக்கிறன். கடைசியில என்ர குரலும் கொஞ்சம் விழுந்திருக்கு. அதை வெட்டாதேங்கோ.